டாக்டர்கிட்ட கேளுங்க: ஆபரேஷன் முடிஞ்ச பிறகு

இந்த தடவ வந்த லெட்டர்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்குற விஷயங்கள பத்திதான். அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதுகளுக்கு மட்டும் பதில் எழுதுறேன். நான் மயக்க டாக்டர், தியேட்டர்லயும் ஐசியூலயும் தான் என் பொழப்பு. அங்க பாத்தத வச்சும், ஆராய்ச்சில வந்தத வச்சும் சொல்றேன்.

கேள்வி: டாக்டர் சார், எங்கப்பாவுக்கு 67 வயசு, சுகர் உண்டு. குடல்ல அடைப்புன்னு அவசரமா ஆபரேஷன் பண்ணாங்க. வெளிய வந்த டாக்டர் "ஆபரேஷன் சக்சஸ்"னு சொன்னார், நாங்க கோயிலுக்கு போய் அர்ச்சனை எல்லாம் பண்ணிட்டு வந்தோம். அஞ்சாம் நாள் சாயங்காலத்துல இருந்தே மூச்சு வாங்குச்சு, ஒரு மாதிரி உளறினாரு. கேட்டதுக்கு வலி, அதான்னு சொன்னாங்க. விடிகாலைல போயிட்டாரு. சக்சஸ்னா எப்படி சார் செத்தாரு? யார் மேல தப்பு? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தம்பி, உங்க லெட்டர ரெண்டு மூணு தடவ படிச்சேன். கேஸ் ஷீட்ட பாக்காம உங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா நீங்க கேட்ட கேள்வி இருக்கே, சக்சஸ்னா எப்படி செத்தாருங்குறது, அதுக்கு உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க, அத நீங்க தெரிஞ்சுக்கணும்.

"சக்சஸ்"னு டாக்டர் சொன்னது தியேட்டருக்குள்ள நடந்த வேலைய. நம்ம ஜனங்க எல்லாரும் பயப்படுறது அந்த ரெண்டு மணி நேரத்துக்குதான், சிவப்பு லைட் அணைஞ்சு ஸ்ட்ரெச்சர் வெளிய வந்துட்டா கண்டம் தாண்டியாச்சுன்னு நினைப்போம். விஷன்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, கனடாவுல ஹாமில்டன்ல இருக்குற குழு நடத்துனது, இந்தியாவையும் சேர்த்து 14 நாடு, 45 வயசுக்கு மேல உள்ள 40,004 பேர், எல்லாம் இதய ஆபரேஷன் இல்லாத மத்த ஆபரேஷன். 2019ல முடிவு வந்துச்சு. 30 நாளுக்குள்ள 715 பேர் இறந்தாங்க. அதுல தியேட்டருக்குள்ள இறந்தவங்க எத்தனை பேர் தெரியுமா, 5 பேர். 500 பேர் ஆபரேஷன் முடிஞ்சு அதே ஆஸ்பத்திரில வார்டுலயோ ஐசியூலயோ இருக்கும்போது. மீதி 210 பேர் டிஸ்சார்ஜ் ஆகி போனதுக்கு அப்புறம். தியேட்டர்ல இருக்கும்போது ஒரு ஆளுக்கு ஒரு மயக்க டாக்டர் தலைமாட்டுலயே உக்காந்து பிபி, ஆக்சிஜன், இதய துடிப்புன்னு கண்ண எடுக்காம பாத்துட்டு இருப்போம். வார்டுக்கு போனதும் ராத்திரில ஒரு சிஸ்டருக்கு முப்பது நாப்பது கட்டில். வித்தியாசம் எங்க இருக்குன்னு உங்களுக்கே புரியும்.

அந்த இறப்புகளுக்கு என்ன காரணம்னு பாத்தப்ப கிட்டத்தட்ட 45 சதவீதம் மூணே மூணு விஷயத்துல வந்து நின்னுச்சு. பெரிய ரத்தப்போக்கு, இதய தசைல ஏற்படுற பாதிப்பு, அப்புறம் செப்சிஸ், அதாவது கிருமி தொத்துனதுக்கு உடம்பு தாறுமாறா எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடுறது. இதுல இதய பாதிப்பு ரொம்ப மோசமான ஆள், ஏன்னா பெரும்பாலானவங்களுக்கு நெஞ்சு வலியே வராது, வலிக்கு மருந்து போயிட்டு இருக்கும், அரை தூக்கத்துல இருப்பாங்க. ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்.

குடல வெட்டி இணைச்ச ஆபரேஷனா இருந்தா இன்னொன்னும் உண்டு. அந்த இணைப்பு கசிஞ்சா அது மொத நாள் தெரியாது, அஞ்சாம் நாள் ஏழாம் நாள் வாக்குலதான் வெளிய தெரியும். அதுவும் வயித்து வலின்னு நேரா சொல்லிக்கிட்டு வராது. நாடி ஏறும், மூச்சு வேகமாகும், வயிறு உப்பும், ஒண்ணுக்கு கம்மியா போகும், பெரியவங்களா இருந்தா உளர்வாங்க. இதெல்லாம் தனித்தனியா பாத்தா சின்ன விஷயம், சேர்த்து பாத்தா அபாய மணி. உங்கப்பாவுக்கு அதுதான்னு நான் சொல்லல. ஆனா ஆபரேஷன் ஆன ஒரு ஆளுக்கு மூச்சு வாங்குதுன்னா, உளர்றாருன்னா, வலின்னு சொல்லி விட்டுடக் கூடாது, டியூட்டி டாக்டர் வந்து பாக்கணும், இத நான் எத்தனை தடவ வேணும்னாலும் சொல்லுவேன்.

அடுத்து சொல்லப்போறது தான் இந்த துறைல என்னை ரொம்ப யோசிக்க வச்ச ஆராய்ச்சி. அமெரிக்காவுல கஃபேரி, பர்க்மேயர், டிமிக்னு மூணு பேர் 2009ல போட்டது. 84,730 பேரோட விவரத்த எடுத்துக்கிட்டு, சாவு ரொம்ப கம்மியா இருக்குற ஆஸ்பத்திரிகளையும் ரொம்ப அதிகமா இருக்குற ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டு பாத்தாங்க. கம்மியான இடத்துல 3.5 சதவீதம், அதிகமான இடத்துல 6.9, அதாவது டபுள். சரி, அந்த மோசமான இடத்துல சிக்கல்கள் நிறைய வருது போலன்னு தானே நினைப்போம்? இல்ல. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய நாலு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருக்கு, கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரிய சிக்கல் வந்தவங்கள்ல எத்தனை பேர் செத்தாங்கங்குறதுலதான் வித்தியாசம், நல்ல இடத்துல 12.5 சதவீதம், மோசமான இடத்துல 21.4. சிக்கல் வர்றது எல்லா இடத்துலயும் வரும். வந்தத யாரு சீக்கிரம் கண்டுபிடிச்சு, ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோ பாக்காம பெரிய டாக்டர வரவச்சு, ஸ்கேன் எடுத்து, தேவைன்னா திரும்ப தியேட்டருக்கு கொண்டு போறாங்கங்குறதுல தான் உயிர் இருக்கு.

பணக்கார நாட்டுலயும் இதே கதைதான். 2012ல ஐரோப்பாவுல 28 நாடுகள்ல 46,000க்கும் மேல ஆளுங்கள பாத்த ஆராய்ச்சில 4 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிலயே இறந்தாங்க, அப்படி இறந்தவங்கள்ல 73 சதவீதம் பேர் ஒரு தடவ கூட ஐசியூ பக்கமே போகல. படிச்சப்ப மனசு கனத்துப்போச்சு.

யார் மேல தப்புன்னு கேட்டீங்க. அத தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கோவத்துல இல்ல, முறைப்படி. மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிகள்படி நோயாளி தரப்புல எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கேஸ் ஷீட் காப்பி குடுக்கணும். வாங்கி, உங்களுக்கு நம்பிக்கையான வேற ஒரு சர்ஜன்கிட்ட காட்டுங்க. அஞ்சாம் நாளோட நர்ஸ் சார்ட்ட பாக்க சொல்லுங்க, நாடி, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு, எத்தனை மணிக்கு யாருக்கு போன் பண்ணாங்கங்குறது. வெறுமனே "இதயம் நின்னுடுச்சு"ன்னு எழுதியிருந்தா அது காரணம் இல்ல, எல்லாரும் கடைசில இதயம் நின்னுதான் போறோம். அது ஏன் நின்னுச்சுன்னு கேளுங்க.

கேள்வி: அம்மாவுக்கு கர்ப்பப்பை எடுக்க சொல்லிட்டாங்க. மயக்க மருந்து குடுத்தா சிலர் எழுந்திரிக்கவே மாட்டாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, அம்மா பயந்து போய் ஆபரேஷனே வேணாங்குறாங்க. (வாசகி, விருதுநகர்)

பதில்: அம்மாவோட பயம் ஒரு காலத்துல நியாயமானது தான்மா. 1948ல இருந்து 1952 வரைக்கும் அமெரிக்காவுல 10 ஆஸ்பத்திரில ஆறு லட்சம் பேர்கிட்ட பாத்ததுல 1560 பேர்ல ஒருத்தர் மயக்க மருந்து சம்பந்தமா இறந்தாங்கன்னு பீச்சரும் டாட்டும் எழுதினாங்க. அப்புறம் உலகம் முழுக்க வந்த ஆராய்ச்சிகள சேர்த்து 2012ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல ஒரு கணக்கு வந்துச்சு, மயக்க மருந்தே காரணமான சாவு 1970க்கு முன்னாடி 10 லட்சத்துக்கு 357, 1990கள்ல இருந்து 34. பத்துல ஒரு பங்கு. நல்ல மருந்துகள் வந்தது ஒரு காரணம், விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர் மாதிரி கருவிகள் வந்தது இன்னொரு காரணம். அம்மாவ ஆபரேஷனுக்கு முன்னாடியே மயக்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும், நாட்டு மருந்து உட்பட, கையில எடுத்துட்டு போங்க. அவர்கிட்ட பத்து நிமிஷம் பேசினா பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பாதி மறந்து போகும்.

கேள்வி: சார், நான் தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ். எங்க ஆஸ்பத்திரில சேஃப்டி செக்லிஸ்ட்ட ஆபரேஷன் முடிஞ்சதும் மொத்தமா டிக் அடிச்சு ஃபைல்ல வைக்க சொல்றாங்க. இதுனால உண்மையிலயே ஏதாவது பிரயோஜனம் இருக்கா? (திருச்சி)

பதில்: நல்ல கேள்வி சிஸ்டர், நேர்மையா கேட்டதுக்கு நன்றி.

உலக சுகாதார நிறுவனத்தோட அந்த செக்லிஸ்ட் 19 விஷயம் தான். அதுல் கவாண்டேங்குற அமெரிக்க சர்ஜன் தலைமையில ஒரு குழு டில்லி, டொராண்டோ, அம்மான், ஆக்லாந்து, மணிலா, லண்டன், சியாட்டில், அப்புறம் டான்சானியாவுல இஃபகாரான்னு ஒரு சின்ன ஊர், ஆக எட்டு ஊர்ல எட்டு ஆஸ்பத்திரில அத சோதிச்சு பாத்தாங்க. 2009ல முடிவு வந்துச்சு. சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சு, சிக்கல்கள் 11ல இருந்து 7க்கு. எந்த புது மிஷினும் வாங்கல, எந்த புது மருந்தும் குடுக்கல. உலகமே திரும்பி பாத்துச்சு.

ஆனா கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இத கட்டாயம்னு ஆக்கி, 101 ஆஸ்பத்திரியோட கணக்க முன்ன பின்ன வச்சு பாத்தாங்க, 2014ல வந்த ஆராய்ச்சி அது. சாவு 0.71 சதவீதத்துல இருந்து 0.65 ஆச்சு, அவ்வளவுதான். அது புள்ளிவிவரப்படி கணக்குல எடுக்குற அளவு வித்தியாசமே இல்ல. ஏன்னு இன்னைக்கும் விவாதம் நடக்குது, ஆரம்பத்துலயே சாவு கம்மியா இருந்த இடம், பாத்த காலமும் குறைவு, இப்படி பல காரணம் சொல்றாங்க. நான் நம்புறது, பேப்பர்ல டிக் அடிக்கிறதுக்கும் வாயத் தொறந்து சொல்றதுக்கும் உள்ள தூரம்தான் முக்கியமான காரணம்.

கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் நிக்கணும். பேஷண்ட் பேரு இது, ஆபரேஷன் இது, இந்த பக்கம், ஆன்டிபயாட்டிக் போட்டாச்சு, ரத்தம் ரெடி, இத சத்தமா சொல்லணும். ஒவ்வொருத்தரும் தன் பேர சொல்லணும், இத பாத்து சிரிக்கிற சர்ஜன்கள் உண்டு, ஆனா காலைல தன் பேர சத்தமா சொன்ன சிஸ்டருக்குத்தான் மத்தியானம் "சார், மாப்பு (ரத்தம் ஒத்துற துணி) ஒண்ணு குறையுது, வயித்த மூடாதீங்க"ன்னு சொல்ற தைரியம் வரும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த செக்லிஸ்ட்டே. ஆபரேஷன் முடிஞ்சு டிக் அடிக்கிறதுல அது வராது. உங்க மயக்க டாக்டர்கிட்ட பேசிப் பாருங்க, பெரும்பாலும் எங்க ஆளுங்க உங்களுக்கு துணைக்கு நிப்பாங்க.

கேள்வி: சிசேரியன் ஆகி எட்டாம் நாள் தையல்ல சீழ் வந்துடுச்சு டாக்டர். முட்டையும் தயிரும் சாப்பிட்டதாலதான்னு மாமியார் சொல்றாங்க, இப்ப ரசம் சாதம் மட்டும்தான் தர்றாங்க. (வாசகி, தேனி)

பதில்: அம்மா, முட்டையால சீழ் வராது. புண்ணு ஆற புரதம் வேணும், முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிடுங்க. மாமியார் உங்க மேல உள்ள அக்கறைலதான் சொல்றாங்க, இந்த பக்கத்த அவங்ககிட்ட படிச்சு காட்டுங்க. மொதல்ல இன்னைக்கே போய் தையல காட்டிடுங்க, குளிர் காய்ச்சல் இருந்தா தாமதமே வேணாம்.

சீழ் வர்றதுக்கு காரணம் பல இருக்கு, சுகர், ரத்த சோகை, ரொம்ப நேரம் இழுத்த பிரசவம், ஆன்டிபயாட்டிக் சரியான நேரத்துல போடாதது, முந்தின நாளே பிளேடு வச்சு சிரைக்கிறது (அந்த பிளேடு கீறல்ல கிருமி குடியேறும், முடி எடுத்தே ஆகணும்னா கிளிப்பர் மிஷின் தான் நல்லது). 66 நாடுகள்ல வயித்து ஆபரேஷன் ஆனவங்கள பாத்த குளோபல்சர்ஜ் ஆராய்ச்சில, வளர்ந்த நாடுகள்ல 9.4 சதவீதம் பேருக்கு புண்ணுல கிருமி, ரொம்ப ஏழை நாடுகள்ல 23.2. இத குறைக்க விலை கூடின வழிதான் உண்டுன்னு இல்ல. 2022ல வந்த சீட்டான்னு ஒரு ஆராய்ச்சி, இந்தியா உட்பட 7 நாடு, 13,301 பேர். வயித்த மூடுறதுக்கு முன்னாடி எல்லாரும் கையுறைய மாத்திக்கிட்டு, மூடுறதுக்கு மட்டும் புதுசா ஒரு செட் கருவி எடுத்தாங்க, அவ்வளவுதான். 18.9 சதவீதம் இருந்தது 16 ஆச்சு. கேக்க சின்ன வித்தியாசமா தோணும், ஆனா நூறு பேர்ல மூணு பேர் சீழ் புடிக்காம வீட்டுக்கு போறாங்க, அந்த மூணு பேர்ல ஒருத்தி கூலி வேலைக்கு போற பொண்ணா இருந்தா அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

கேள்வி: ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னாடி சிகரெட்ட விடணும்? (மதுரை)

பதில்: குறைஞ்சது நாலு வாரம். புண்ணு ஆறுறதுக்கும் நுரையீரலுக்கும் ரெண்டுக்கும் நல்லது. தேதி பக்கத்துல வந்துடுச்சுன்னா இன்னைக்கே விடுங்க, பீடி, ஹான்ஸ் எல்லாம் சேர்த்து தான்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். ஒரு ஆஸ்பத்திரில எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆச்சு, எத்தனை பேர் இறந்தாங்கன்னு ஏன் யாரும் வெளிய சொல்றதில்ல? ஸ்கூல் ரிசல்ட் மட்டும் பேப்பர்ல வருதே? (கோவை)

பதில்: ஐயா, இதே கேள்விய நூறு வருஷத்துக்கு முன்னாடி பாஸ்டன்ல ஒரு சர்ஜன் கேட்டார். எர்னஸ்ட் காட்மன்னு பேரு. ஒவ்வொரு நோயாளியையும் பின்னாடி கூப்பிட்டு விசாரிக்கணும், ஆபரேஷன் பலிச்சுதா, பலிக்கலன்னா ஏன்னு எழுதணும், அத வெளிய சொல்லணும்னு அவர் கேட்டது கூட வேலை பாத்தவங்களுக்கு பிடிக்கல. வெளிய வந்து தனியா சின்னதா ஒரு ஆஸ்பத்திரி நடத்தினார். 1911ல இருந்து 1916 வரைக்கும் 337 நோயாளிகள், அதுல தானும் தன் ஆளுங்களும் செஞ்ச தப்பு 123னு அவரே அச்சடிச்சு வெளியிட்டார். எந்த காலத்துலயும் இதுக்கு பெரிய மனசு வேணும் ஐயா.

அவர் கேட்டது நடக்க ரொம்ப வருஷம் ஆச்சு. 1985ல அமெரிக்க காங்கிரஸ், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகள் தங்களோட ஆபரேஷன் சாவு கணக்க ஒப்பிட்டு காட்டணும்னு சட்டம் போட்டுச்சு. அங்க ஷுக்ரி கூரின்னு ஒரு சர்ஜன், நோயாளியோட வயசு, வியாதி எல்லாத்தையும் கணக்குல எடுத்து நியாயமா ஒப்பிடுற முறைய உருவாக்கினார். நீங்க கணக்கு வாத்தியார், உங்களுக்கு சட்டுனு புரியும், வெறும் சாவு சதவீதத்த போட்டா கஷ்டமான கேஸ எடுக்குற அரசு ஆஸ்பத்திரி கெட்ட பேர் வாங்கும், கஷ்டமான கேஸ ராத்திரியோட ராத்திரியா ஆம்புலன்ஸ்ல ஏத்தி விடுற இடம் நல்ல பேர் வாங்கும். அதனால திருத்தம் பண்ணாத கணக்கு ஆபத்து. அதே குழு 2005ல இன்னொன்னும் காட்டுச்சு. ஆபரேஷன் ஆகி 30 நாளுக்குள்ள பெரிய சிக்கல் வந்து பிழைச்சவங்களுக்கும், அதுக்கப்புறம் பல வருஷத்துக்கு ஆயுசு குறையுது. பிழைச்சுட்டாங்கல்லன்னு கணக்க மூடிடக் கூடாது.

நம்ம நாட்டுல ஒரு சாதாரண ஆள் பாத்து முடிவெடுக்குற மாதிரி ஆஸ்பத்திரி வாரியான ஆபரேஷன் கணக்கு இன்னும் இல்ல. ஆனா நம்மால முடியாதுன்னு சொல்ல மாட்டேன். பிரசவத்துல ஒரு தாய் இறந்தா ஏன் இறந்தாங்க, எங்க தாமதம் ஆச்சுன்னு உக்காந்து தணிக்கை பண்ற பழக்கத்த தமிழ்நாடு பல வருஷமா வச்சிருக்கு, பிரசவ சாவு குறைஞ்சதுல அதுக்கும் பங்கு உண்டு. அதே கண்ணோட்டத்த மத்த ஆபரேஷனுக்கும் கொண்டு வரணும்னு நான் மீட்டிங்ல எல்லாம் பேசிட்டுதான் இருக்கேன். 2019ல லான்செட்ல போட்ட கணக்குப்படி உலகத்துல வருஷத்துக்கு 42 லட்சம் பேர் ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள்ள இறக்குறாங்க, எய்ட்ஸ், டிபி, மலேரியா மூணையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அந்த மூணுக்கும் தனித்தனியா திட்டம், போர்டு, விளம்பரம் எல்லாம் இருக்கு. இதுக்கு ஒண்ணும் இல்ல.

அதுவரைக்கும் நீங்க போய் கேக்க வேண்டிய கேள்விகள்: இந்த ஆபரேஷன நீங்க அடிக்கடி பண்றீங்களா, ராத்திரில சிக்கல் வந்தா எந்த டாக்டர் பக்கத்துல இருப்பார், ஐசியூ இங்கயே இருக்கா இல்ல வேற ஊருக்கு அனுப்புவீங்களா. பதில் சொல்ற விதத்துலயே பாதி தெரிஞ்சுடும்.

கேள்வி: நான் சிங்கப்பூர்ல இருக்கேன் டாக்டர். அப்பாவுக்கு கும்பகோணத்துல பெருங்குடல் ஆபரேஷன் ஆகி சனிக்கிழமை டிஸ்சார்ஜ். அம்மா மட்டும்தான் கூட. டெய்லி வீடியோ கால்ல என்ன கேக்கணும்? (வாசகி)

பதில்: "எப்படி இருக்கீங்கப்பா"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லா அப்பாவும் நல்லாருக்கேன்னு தான் சொல்லுவாங்க. இட்லி எத்தனை சாப்பிட்டார், வாந்தி உண்டா, காத்து பிரியுதா, வெளிக்கு போனாரா, ஒண்ணுக்கு நேத்து மாதிரி போறாரா, வாசல் வரைக்கும் நடந்தாரான்னு கேளுங்க. நேத்து நடந்தவர் இன்னைக்கு கட்டில விட்டு எழுந்திரிக்கலன்னா அது ஒரு சேதி.

அப்புறம் அம்மாவுக்கு மூச்சு எண்ண சொல்லிக்குடுங்க. அப்பா சும்மா படுத்திருக்கும்போது, அவர்கிட்ட சொல்லாம, நெஞ்சு எத்தனை தடவ ஏறி இறங்குதுன்னு கடிகாரத்த பாத்து முழுசா ஒரு நிமிஷம். சொன்னா அவர் மூச்ச மாத்தி விடுவார், அதான் சொல்ல வேண்டாங்குறேன். 12ல இருந்து 20க்குள்ள இருந்தா சரி. 25ஓ அதுக்கு மேலயோ போச்சுன்னா இங்கிலாந்துல வார்டுகள்ல போடுற எச்சரிக்கை மார்க்ல அதுக்கே முழு 3 மார்க், உடனே டாக்டர் பாக்கணும்னு அர்த்தம். பெரிய பெரிய ஆஸ்பத்திரி சார்ட்ல கூட மூச்ச எண்ணாம 20, 20, 20ன்னு வரிசையா எழுதி வச்சிருக்கிறத நான் பாத்திருக்கேன், உங்கம்மா எண்ணுற கணக்கு அதவிட உசத்தி.

காய்ச்சல் 100.4க்கு மேல, குளிர் நடுக்கம், வயிறு உப்பி கல்லு மாதிரி ஆகுறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, திடீர்னு மூச்சு திணறல், நெஞ்சு பாரம், கறுப்பாவோ சிவப்பாவோ வெளிக்கு போறது, ஆள் தூங்கி வழியுறது இல்ல சம்பந்தமில்லாம பேசுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாது, 108க்கு போன் பண்ணணும். முடிஞ்சா ஆபரேஷன் பண்ண அதே ஆஸ்பத்திரிக்கு, இல்லனா ஸ்கேனும் சர்ஜனும் இருக்குற பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. சனிக்கிழமை டிஸ்சார்ஜ்னு எழுதியிருக்கீங்க, அதனால வெள்ளிக்கிழமையே வார்டுக்கு போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவதுன்னா யார கூப்பிடணும்னு கேட்டு, அந்த நம்பர டிஸ்சார்ஜ் சம்மரியோட முதல் பக்கத்துலயே அவங்க கையால எழுதி வாங்க சொல்லுங்க அம்மாகிட்ட.